பங்குனி ஆமையும் சென்னைக் கரையோர மீனவர்களும்

ஆலிவ் ரிட்லி எனப்படும் கடலாமை இனத்தைத் தமிழகக் கடலோர மக்கள் பங்குனி ஆமை என்று அழைக்கின்றனர். தை தொடங்கிப் பங்குனி வரை இவை முட்டையிடக் கரையேறும். சென்னையில் அடையாறு முகத்துவாரத்திலிருந்து பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை வரையுள்ள மணற்பரப்பு இவை நெடுங்காலமாக முட்டையிட்டு வரும் இடங்களுள் ஒன்று. அதே மணலில்தான் ஊரூர் குப்பம், ஓடைக் குப்பம், திருவான்மியூர் குப்பம் ஆகியவற்றின் மீனவர்கள் ஃபைபர் படகுகளை ஏற்றி வைக்கிறார்கள், வலைகளைச் சரிசெய்கிறார்கள், மீன் விற்கிறார்கள்.

இந்தக் கரை சரணாலயமாகவோ தேசியப் பூங்காவாகவோ அறிவிக்கப்பட்டதன்று. ஆனால் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் கடலாமை இடம்பெற்றுள்ளது. ஆகவே, ஆமை செல்லும் இடமெல்லாம் சட்டத்தின் பாதுகாப்பும் உடன் செல்கிறது. புலியைக் காப்பதற்கு உள்ள அதே சட்டம், மீனவரின் வலையில் தற்செயலாகச் சிக்கும் ஆமைக்கும் பொருந்தும்.

கரையில் நடக்கும் பணி

1970களில் சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரும் அவருடைய நண்பர்களும் இரவில் கரையோரம் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடத் தொடங்கினர். 1988 முதல் மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பு அப்பணியைத் தொடர்கிறது. ஈர மணலில் துடுப்புக் கால்கள் விட்டுச்சென்ற தடத்தைப் பின்பற்றிச் சென்று குழியைக் கண்டுபிடிப்பார்கள். அதிலுள்ள ஏறக்குறைய நூறு முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் புதைப்பார்கள். 45 முதல் 60 நாட்களில் குஞ்சுகள் வெளிவரும். இயல்பாகக் குஞ்சுகள் கடலின் மேல் தெரியும் மெல்லிய வெளிச்சத்தை நோக்கி நகரும். நகரத்தில் தெருவிளக்குகளே அதைவிடப் பிரகாசமாக இருப்பதால் அவை திசைமாறிச் சாலைப் பக்கம் போய்விடுகின்றன. நாய்களும் முட்டைகளைத் தோண்டித் தின்கின்றன. முட்டைகளை இடம் மாற்றுவதற்கு இவையே காரணம்.

ஒரு காலத்தில் முட்டைகளை எடுத்து உண்பதும் விற்பதும் கரையோரத்தில் வழக்கமாக இருந்தது. இன்று நிலைமை வேறு. 2002இல் தொடங்கப்பட்ட ட்ரீ அறக்கட்டளை, மீனவக் குப்பங்களின் இளைஞர்களையே கடலாமைப் பாதுகாவலர்களாகச் சேர்த்துக்கொண்டது. கரையில் ஆமைக்கு இருந்த ஆபத்து இவ்வாறு குறைந்தது. கடலில் அப்படிக் குறையவில்லை.

வலையில் மூச்சடைப்பு

ஆமைக்கு நுரையீரல் உண்டு. மூச்சுவிட மேலே வந்தே ஆக வேண்டும். விசைப்படகின் இழுவை மடி மணிக்கணக்கில் நீருக்கடியில் இழுக்கப்படும்போது உள்ளே மாட்டிய ஆமை மூச்சுத் திணறி இறக்கிறது. 2025 ஜனவரியில் சில வாரங்களுக்குள் சென்னையிலும் அதை அடுத்த கரைகளிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆமைகள் செத்து ஒதுங்கின. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்துக்கொண்டது.

இங்கே 'மீனவர்' என்ற ஒரே சொல் பெரிய குழப்பத்தை உண்டாக்குகிறது. செத்த ஆமை ஒதுங்குவது குப்பத்தின் வாசலில். ஆகவே பார்ப்பவரின் சந்தேகமும் முதலில் குப்பத்தின் மீதே விழுகிறது. ஆனால் குப்பங்களில் இழுவை மடிப் படகுகள் இல்லை. சென்னையில் அவை காசிமேடு துறைமுகத்தில் நிற்பவை. அதற்காகக் குப்பத்து வலைகள் முற்றிலும் தீங்கற்றவை என்று சொல்லவும் முடியாது. பெரிய கண்களைக் கொண்ட திருக்கை வலையை இரவில் கடலடியில் விட்டுவைத்தால் அதிலும் ஆமை சிக்கும்.

ஆமைகள் முட்டையிடும் காலத்தில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள், அதாவது சுமார் 9 கிலோமீட்டருக்குள், விசைப்படகுகள் இழுவை மடி போடக் கூடாது என்பது தமிழ்நாட்டு விதி. அது மீறப்படுவதற்குக் காரணம் உண்டு. இறால் கரையருகே கிடைக்கிறது. தொலைவாகப் போனால் டீசல் செலவு ஏறுகிறது. படகில் வேலை செய்பவருக்குக் கூலி பிடிபட்ட மீனின் பங்காகவே வருகிறது. ஆயினும் அதே 5 கடல் மைல்தான் ஃபைபர் படகுக்காரரின் பிழைப்புக்குரிய கடல். இழுவை மடி உள்ளே வந்தால் அவருடைய வலையும் கிழிகிறது. ஆமைக்குத் தேவையான தூரமும் சிறு மீனவருக்குத் தேவையான தூரமும் ஒன்றாக இருப்பதை, பாதுகாப்பு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை.

தடைக்காலம் போதுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் மீன்களின் இனப்பெருக்கத்துக்காக ஏற்பட்டது. அது தொடங்கும்போது ஆமைகளின் முட்டையிடும் பருவம் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. தடைக்கால நிவாரணமாகக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய் வழங்கப்படுகிறது. ஜனவரியிலிருந்தே தடை என்றால் இந்தத் தொகை எத்தனை நாள் அடுப்பெரிக்கும் என்ற கேள்வி எழும். ஒடிசாவில் 1997இல் கஹிர்மாதா கடல் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அங்கு பல மாதத் தடை உண்டு. அங்கே ஆமைகள் லட்சக்கணக்கில் ஒரே இடத்தில் கூடுகின்றன. சென்னையில் அவை தனித்தனியாக, பரவலாக வருகின்றன. எனவே ஒடிசாவின் முறையை இங்கே அப்படியே பொருத்துவது சரியாகாது.

ஆமை வெளியேற வழிவிடும் கருவியை மடியில் பொருத்துவது மற்றொரு வழி. கம்பிச் சட்டத்தில் மோதும் ஆமை மேலேயுள்ள திறப்பு வழியே தப்பிவிடும். கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியக் கடலுக்கேற்ற வடிவம் ஒன்றை உருவாக்கியுள்ளது. மீனும் கொஞ்சம் தப்பிவிடுகிறது என்று படகு உரிமையாளர்கள் தயங்குகின்றனர். இந்தத் தயக்கத்துக்கும் விலை உண்டு: இக்கருவியின்றிப் பிடிக்கப்படுவதாகக் கூறி, இந்தியக் கடலில் பிடித்த இறாலை அமெரிக்கா 2019 முதல் வாங்குவதில்லை.

மன்னார் வளைகுடாவில் 1986இல் 21 தீவுகளைச் சுற்றிக் கடல்சார் தேசியப் பூங்கா அமைந்தபோது, தலைமுறைகளாகப் பாசி எடுத்துவந்த பெண்கள் ஒரே நாளில் சட்டத்துக்குப் புறம்பானவர்களாயினர். பின்னர் அவர்களே கூடிப்பேசி, மாதத்தில் குறிப்பிட்ட நாட்கள் மட்டும் பாசி எடுப்பதென்று தங்களுக்குள் கட்டுப்பாடு வகுத்துக்கொண்டனர்.

மகாராஷ்டிராவில் 2018 முதல் வேறொரு ஏற்பாடு உள்ளது. வலையில் சிக்கிய ஆமையையோ பிற பாதுகாக்கப்பட்ட உயிரினத்தையோ வலையை அறுத்து உயிருடன் விடும் மீனவர், அதைப் படமெடுத்து அனுப்பினால் 25,000 ரூபாய் வரை வலைக்கான இழப்பீடு பெறலாம். அறுத்த வலையின் செலவு அங்கே மீனவரின் தலையில் மட்டும் விழுவதில்லை.