எஞ்சின் மாற்றிய மொறிஸ் மைனரின் நடுக்கம்

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் இலங்கையில் இன்றும் ஓடுவதற்கு, அதன் எளிய அமைப்பைப் போலவே, தேய்ந்த எஞ்சினை நீக்கி யப்பானிய எஞ்சினைப் பொருத்தத் துணிந்த மெக்கானிக்குகளின் சாமர்த்தியமும் காரணமாகும். ஆயினும், அவ்வாறு மாற்றிய பின்னர் வண்டியில் நடுக்கம் தோன்றினால், புதிய எஞ்சினை உடனே குற்றஞ்சாட்டுவது நியாயமன்று.

வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் எஞ்சினின் வேகத்தைக் கூட்டிப் பரீட்சிக்க வேண்டும். அப்போதும் நடுக்கம் இருப்பின் பிளக், ஃபிளைவீல், எஞ்சினைத் தாங்கும் ரப்பர் ஆகியவற்றைச் சோதிக்கலாம். மட்டக்களப்பின் கல்லடி போன்று வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் உப்புக்காற்றால் அரிக்கப்பட்ட தாங்கிகளையும் அவசியம் பார்க்க வேண்டும்.

ஓடும்போது மாத்திரம், அதுவும் குறித்த வேகத்தில் நடுங்குமாயின், சக்கரங்களின் சமநிலையைப் பார்த்தபின், என் அபிப்பிராயத்தில் முதற் சந்தேகம், கியர்பெட்டியின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கடத்தும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் மீதே விழவேண்டும். அதன் முன்னும் பின்னும் உள்ள மூட்டுகளில் ஒன்று வளைந்து சுழலும்போது, ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுழற்சி வேகம் ஏறி இறங்குகிறது. முன்மூட்டின் இவ்விகாரத்தைப் பின்மூட்டு சமகோணத்தில் வளைந்து ரத்துச்செய்வதே அதன் சூட்சுமம். எஞ்சினோடு சேர்த்துப் பொருத்திய புதிய கியர்பெட்டியின் வால் சிறிது உயர்ந்தோ தாழ்ந்தோ அமைந்தால் அந்தச் சமத்துவம் குலைகிறது. கோணமானியால் இரு முனைகளையும் அளந்து, கியர்பெட்டியின் தாங்கியில் தகடு வைத்தோ, பின்புற வில்லுக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்புத்தகடு செருகியோ, அதனைச் சரிசெய்யலாம்.