பூட்டுவது பாதுகாப்பு ஆகுமா?

கோவை நகரைச் சுற்றிலும் இன்று முதியோர் இல்லங்கள் பல தோன்றியுள்ளன. பிள்ளைகள் வெளியூரிலும் கடல் கடந்த நாடுகளிலும் பணிபுரிய, பெற்றோர் அவற்றில் அடைக்கலம் புகுகின்றனர். "அங்கே பத்திரமாக இருக்கிறார்கள்" என்று நாமும் ஆறுதல் கொள்கிறோம். ஆனால், பத்திரம் என்பது யாது?

ஏர்வாடியை நாம் மறந்திருக்க முடியாது. இராமநாதபுரம் மாவட்டத்திலுள்ள அவ்வூரின் தர்காவுக்கு மனநோயுற்றோரை நலம் நாடி அழைத்து வருவது நெடுநாளைய வழக்கம். பல சமயத்தாரும் வந்தனர். நோயாளரை வைத்துப் பராமரிக்கத் தனியார் காப்பகங்கள் எழுந்தன. 2001 ஆகஸ்டு 6 அன்று அதிகாலையில் அவற்றுள் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் நாற்பதுக்கும் மேற்பட்டோர். அவர்களுட் பலர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர். 28 உயிர்கள் பலியாயின. ஓடிவிடக் கூடாதென்று கட்டிய சங்கிலியே, ஓட வேண்டிய வேளையில் அவர்களை ஓடவிடாமல் தடுத்தது.

உச்ச நீதிமன்றம் இதனைத் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. அவ்வூரிலிருந்த இத்தகைய காப்பகங்களை அரசு மூடியது. மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியால் கட்டலாகாது என்று 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தெளிவாகக் கூறுகிறது. எனினும், சட்டம் ஒவ்வொரு கதவருகிலும் வந்து நிற்காது. காவல் நிற்க வேண்டியவர்கள் நாமே.

பண்டிகை நாட்களில் பங்கு மக்களாகிய நாம் இல்லங்களுக்கு உணவும் போர்வையும் கொண்டு செல்கிறோம். நல்லதே. இனி, சில கேள்விகளையும் கொண்டு செல்வோம். இரவில் விழித்திருப்பவர் எத்தனை பேர்? கதவின் சாவி எவர் கையில்? அவசர வழியை மூட்டைகள் அடைத்துள்ளனவா? நடக்க இயலாதவரின் கட்டில் வாயிலருகே உள்ளதா? தீயணைப்புக் கருவியை இயக்கப் பணியாளர் பழகியுள்ளனரா? பணிவோடு கேட்டால், நல்ல இல்லத்தார் எவரும் மனம் நோகார்.

நம் வீடுகளையும் பார்ப்போம். மறதி நோயுள்ள அப்பத்தாவை உள்ளே வைத்து, வெளியே பூட்டிவிட்டு ஆலை வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் நம்மிடையே இல்லையா? அன்பினாலும் வேறு வழியின்மையாலும் செய்வதே அது. ஆயினும் அடுப்பில் பற்றிய நெருப்பு அன்பை அறியாது. மாற்றுச் சாவி ஒன்று அண்டை வீட்டில் இருக்கட்டும். எரிவாயு உருளையின் வால்வை மூடிவிட்டே வெளியே செல்வோம். ஈரத்தில் வழுக்கும் குளியலறையில் கைப்பிடிக் கம்பி பொருத்துவோம். அன்பியத்தார் முறைவைத்து ஓரிரு மணி நேரம் துணையிருந்தால், பூட்டுக்கே தேவையிராது. தீ விபத்துக்கு 101, முதியோர் உதவிக்கு 14567 என்னும் தொலைபேசி எண்களைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வைப்போம்.

நம்மை நம்பியிருப்போரை அடைத்து வைப்பது பாதுகாப்பு அன்று. ஆபத்து வேளையில் அவர்கள் வெளியேற வழியும், கைகொடுக்க ஆளும் இருப்பதே பாதுகாப்பு. இன்றிரவு படுக்குமுன் நம் வீட்டுக் கதவை ஒருமுறை உற்று நோக்குவோமா?