ஸ்போர்ட்ஸ் காரின் மூன்று இலக்கணங்கள்

கார்களைப் பற்றிப் பேச்செழுந்தால் நம் விடுதி நண்பர்கள் முதலில் கேட்பது, "மணிக்கு எத்தனை கிலோமீட்டர் போகும்?" என்பதே. நேர்ச்சாலையில் விரைவது எளிது. வளைவில் வழுவாது திரும்புவதும், வேண்டிய இடத்தில் நிற்பதுமே அரியவை. இயந்திரப் பொறியியல் பயில்பவன் என்ற முறையில், ஜப்பான் நாட்டின் பழைய ஸ்போர்ட்ஸ் கார்கள் சிலவற்றைக் கொண்டு இதனை விளக்க முற்படுகிறேன்.

ஸ்டீரிங்

ஓட்டுபவர் கையிலுள்ள வளையத்தை முன் சக்கரங்களோடு இணைக்க இவற்றில் இரு முறைகளைக் காணலாம். முதலாவது, பற்சக்கரமும் பற்சட்டமும். வளையத்தைத் திருப்பினால், தண்டின் முனையிலுள்ள சிறு பற்சக்கரம் சட்டத்தை இடமோ வலமோ தள்ளும். இடையில் உறுப்புகள் குறைவு. ஆதலால் சாலையின் மேடுபள்ளம் உடனே கைக்குத் தெரியும். 1967-இல் வந்த டொயோட்டா 2000ஜிடியும், 1969-இல் வந்த டாட்சன் 240இசட்டும் இவ்வகையின.

இரண்டாவது, திருகின் புரிகளில் எஃகுக் குண்டுகள் உருண்டோடும் முறை. இது சாலையின் அதிர்ச்சியைக் கைக்கு வரவிடாது; ஆனால் வளையத்தின் நடுநிலையில் சற்றுத் தளர்வு இருக்கும். 1978-இல் வந்த மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இத்தகையது.

1990-இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸ் காரில், கையால் கியர் மாற்றும் வகைக்குத் தொடக்கத்தில் பவர் ஸ்டீரிங் வைக்கவில்லை. மெல்லச் செல்கையில் கை வலிக்கும். விரைந்து செல்கையிலோ டயரின் பிடி தளர்வதை விரல்களே உணர்ந்துவிடும்.

வளைவில் நடத்தை

இங்கே எடை எங்கே இருக்கிறது என்பதே கேள்வி. ஆர்எக்ஸ்-7 காரின் சுழல் எஞ்சின் சிறியது. அதனை முன் அச்சுக்குப் பின்னே தள்ளி வைத்ததால், எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாயிற்று. ஆயினும் அதன் பின் அச்சு ஒரே விறைப்பான தண்டு. ஒரு சக்கரம் கல்லில் ஏறினால் மற்றதும் சாயும். 240இசட்டில் நான்கு சக்கரங்களும் தனித்தனியே ஏறி இறங்கும்.

என்எஸ்எக்ஸ் காரின் எஞ்சின் இருக்கைக்குப் பின்னால் உள்ளது. பாரம் நடுவில் திரண்டிருப்பதால் கார் சட்டெனத் திரும்பும். ஆனால் வளைவின் நடுவில் அஞ்சி ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டால், பாரம் முன்னே சாய்ந்து பின் சக்கரங்கள் பிடி தளர்ந்து வழுக்கக்கூடும். எளிதில் திரும்பும் கார் எளிதில் சுழலவும் செய்யும்!

1989-இல் வந்த நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் வேறு வழி கண்டது. வழக்கமாகப் பின் சக்கரங்களே அதனைத் தள்ளும். அவை வழுக்கினால், எஞ்சினின் விசையில் பாதி வரை முன் சக்கரங்களுக்குச் செல்லும். பின் சக்கரங்களும் சிறிதளவு திரும்பும். ஓட்டுபவர் பழகிப் பெறவேண்டிய திறமையில் ஒரு பங்கைக் கணிப்பொறி ஏற்றுக்கொண்டது.

பிரேக்

வேகம் இருமடங்கானால், நிறுத்தும்போது பிரேக் ஏற்கவேண்டிய வெப்பம் நான்கு மடங்காகும். 1964-இன் ஹோண்டா எஸ்600 எடை குறைந்த சிறு கார். நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே அதற்குப் போதுமானதாயிற்று. மூடிய டிரம்முக்குள் வெப்பம் தங்கிவிடும். தொடர்ந்து அழுத்தினால் உராய்வு குறையும். டிரம்மும் விரிந்து கட்டையை விட்டு விலகும். மலையிறக்கத்தில் இதன் பொருள் என்னவென்று சொல்லவேண்டியதில்லை.

டிஸ்க் காற்றுப்படத் திறந்திருப்பதால் விரைவில் ஆறும். பிரேக் பிடிக்கையில் பாரம் முன்னே சாய்வதால் முன் சக்கரங்களுக்கே வேலை மிகுதி. எனவே 240இசட்டில் முன்னே டிஸ்க், பின்னே டிரம். 2000ஜிடியிலோ நான்கிலும் டிஸ்க்.

நமக்கு என்ன பயன்?

விடுதி வாசலில் நிற்கும் மோட்டார் சைக்கிள்களைப் பாருங்கள். பலவற்றில் முன்னே டிஸ்க், பின்னே டிரம். அதே காரணந்தான். டயரின் பிடிப்பு கையிருப்புப் பணம் போன்றது. பிரேக்குக்குச் செலவிட்டது போக எஞ்சியதே திரும்புவதற்கு உதவும். மழை நாளில் அந்த இருப்பும் குறைந்துவிடும். ஆகவே வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், பிறகு திரும்புங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மை எதிர்பார்த்து வீட்டில் காத்திருப்போர் உண்டு என்பதை மறவாதீர்கள்.