ஓய்வுக்காலப் பணத்துக்கு எக்ஸ்பயரி கிடையாது

கிராஜுவிட்டியும் பி.எஃப். பணமும் வங்கிக் கணக்கில் வந்து விழுந்த சில வாரங்களிலேயே, "சும்மா எஃப்.டி.யில் போட்டு வைத்து என்ன கண்டீர்கள்?" என்று கேட்க ஒருவர் வந்துவிடுவார். மைத்துனராக இருக்கலாம், டெலிகிராம் குழுவாக இருக்கலாம். பேச்சு பெரும்பாலும் 'எஃப் அண்ட் ஓ'வில், அதாவது ஃப்யூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் ஒப்பந்தங்களில் போய் நிற்கும். அதே புரோக்கர் செயலியில் இ.டி.எஃப்.பும் இருக்கிறது. இரண்டுமே நிஃப்டி போன்ற பங்குக் குறியீடுகளோடு சேர்ந்து ஏறி இறங்கக்கூடியவை, இரண்டையும் வாங்கும் விதமும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் இரண்டையும் ஒரே இனம் என்று நினைப்பவர்கள் ஏராளம்.

நிஃப்டி இ.டி.எஃப். என்பது ஒரு மியூச்சுவல் ஃபண்ட். ஐம்பது நிறுவனப் பங்குகளைக் குறியீட்டில் உள்ள விகிதத்திலேயே வாங்கி வைத்திருக்கும். அதன் யூனிட்டுகள் பங்கு போலச் சந்தையில் கைமாறும். வாங்கிய யூனிட் உங்கள் சொத்து. ஃப்யூச்சர்ஸில் சொத்து எதுவும் உங்கள் கைக்கு வருவதில்லை. இன்ன தேதிக்கு இன்ன விலை என்ற ஒப்பந்தம்தான் இருக்கிறது. குறியீட்டு ஒப்பந்தம் ஒன்றின் மதிப்பு, அறிமுகமாகும்போது குறைந்தது 15 லட்சம் ரூபாயாக இருக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபி 2024இல் விதி போட்டது. ஆனால் நீங்கள் கட்டுவது மார்ஜின் மட்டுமே. அது இரண்டு லட்சம் ரூபாய் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். சிறிய தொகைதானே என்று தோன்றும். லாபமும் நஷ்டமும் கணக்கிடப்படுவது அந்த 15 லட்சத்துக்கு.

2024 ஜூன் 4, நாடாளுமன்றத் தேர்தல் முடிவு வந்த நாள். நிஃப்டி 5.9 சதவீதம் விழுந்தது. அப்படி ஒரு நாள் இப்போது வந்தால், 15 லட்ச ரூபாய் ஒப்பந்தத்தை வாங்கி வைத்திருப்பவருக்கு 88,000 ரூபாய்க்கு மேல் போகும். அது காகித நஷ்டம் அல்ல, அன்றைய கணக்கிலேயே கழிக்கப்படும். அதே இரண்டு லட்சத்தை இ.டி.எஃப்.பில் வைத்திருந்தால் குறைவது சுமார் 12,000.

2020 மார்ச் 23 இன்னும் கொடூரமான நாள். ஒரே நாளில் 13 சதவீத வீழ்ச்சி. இந்தக் கணக்குப்படி மார்ஜின் கிட்டத்தட்ட முழுதும் காலி. ஆனால் நிஃப்டி அதே ஆண்டு நவம்பரில் பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருந்த இ.டி.எஃப். முதலீட்டாளரும் கூடவே மீண்டார். ஃப்யூச்சர்ஸ்காரருக்கு அந்த வசதி இல்லை. மார்ஜினுக்கு மேலும் பணம் கட்டச் சொல்லி அழைப்பு வரும். கட்டாவிட்டால் புரோக்கரே ஒப்பந்தத்தை முடித்துவிடுவார். தாக்குப்பிடித்தாலும் எக்ஸ்பயரி தேதி வந்துவிடும். தனிப் பங்கு ஃப்யூச்சர்ஸை எக்ஸ்பயரி வரை விட்டால், முழு விலையும் கட்டிப் பங்குகளை டெலிவரி எடுக்க வேண்டும் என்பது பலர் கடைசி வாரத்தில்தான் கேள்விப்படும் சேதி. இருபது ஆண்டு கழித்துத் தேவைப்படும் பணத்தை மாதாமாதம் காலாவதியாகும் ஒப்பந்தத்தில் வைப்பது எனக்குப் புரியாத கணக்கு.

செபியின் ஆய்வுகள் ஒளிவுமறைவில்லாமல் பேசுகின்றன. 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் பங்குச் சந்தை எஃப் அண்ட் ஓவில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தம் 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல். 2024-25இல் நஷ்டப்பட்டவர்கள் 91 சதவீதம், போன பணம் ஒரு லட்சம் கோடிக்கு மேல். இதில் ஆப்ஷன்ஸும் அடக்கம். ஃப்யூச்சர்ஸே கூடாது என்று சொல்லவில்லை. இருப்பில் உள்ள தங்கத்தின் விலை சரியுமோ என்று அஞ்சும் நகைக்கடைக்காரருக்கு அது பாதுகாப்புக் கருவி. ஓய்வூதியத்துக்குப் பதிலாக அதை நம்புவதுதான் ஆபத்து.

பி.எஃப். பணத்தை நிர்வகிக்கும் இ.பி.எஃப்.ஓ.வே 2015 ஆகஸ்ட் முதல் புதிதாக வரும் பணத்தில் ஒரு பகுதியை இ.டி.எஃப்.பில் போட்டு வருகிறது. 5 சதவீதத்தில் தொடங்கி 15 சதவீதம் வரை உயர்த்தியது. அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு எந்த இ.டி.எஃப்.பையும் வாங்கிவிடக் கூடாது. 2025 அக்டோபரில் வெள்ளி இ.டி.எஃப்.கள் உள்ளிருக்கும் வெள்ளியின் மதிப்பைவிடக் கூடுதல் விலைக்குச் சந்தையில் விற்றன. வாங்குமுன், உள்ளிருக்கும் சொத்தின் அப்போதைய மதிப்பைக் காட்டும் 'ஐ-என்.ஏ.வி.'யைப் பாருங்கள், மார்க்கெட் ஆர்டரைத் தவிர்த்து லிமிட் ஆர்டர் போடுங்கள். தினசரி வர்த்தகம் குறைவாக உள்ள இ.டி.எஃப்.பை அவசரத்துக்கு விற்பது சிரமம். ஒரே துறையைச் சார்ந்தவை ஓய்வுக்காலச் சேமிப்புக்கு ஆகாது.

வரியிலும் ஃப்யூச்சர்ஸ் வேறு வழி. அது தொழில் வருமானமாகக் கருதப்படும்; அதில் வந்த நஷ்டத்தைச் சம்பள வருமானத்தில் கழிக்க முடியாது. பின்வரும் ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லவும் உரிய தேதிக்குள் ரிட்டர்ன் போட்டிருக்க வேண்டும்.

எஃப் அண்ட் ஓ பிரிவை உங்கள் சம்மதமும் வருமானச் சான்றும் இல்லாமல் புரோக்கர் திறக்கக் கூடாது. தெரியாமல் திறந்திருந்தால் மூடச் சொல்லலாம். வர்த்தகம் நடந்தால் 24 மணி நேரத்துக்குள் கான்ட்ராக்ட் நோட் வந்தாக வேண்டும். நீங்கள் போடாத ஆர்டர் அதில் இருந்தால், தொலைபேசியில் சண்டை போட்டு நேரத்தைக் கடத்தாமல் அன்றே மின்னஞ்சலில் ஆட்சேபியுங்கள். பின்னால் கேட்கப்படுவது அந்த எழுத்துதான். புரோக்கர் தீர்க்காவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் செய்யலாம். 21 நாட்களுக்குள் அவர் பதில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். அதிலும் திருப்தி இல்லையென்றால் ஸ்மார்ட் ஓ.டி.ஆர். தளத்தில் சமரசமும் நடுவர் தீர்ப்பும் உண்டு. சந்தேகங்களுக்கு செபியின் கட்டணமில்லா எண் 1800 22 7575.

சந்தை இறங்கி வந்த நஷ்டத்துக்கு இங்கெல்லாம் இடமில்லை. 'அக்கவுன்ட் ஹேண்ட்லிங்' என்று கடவுச்சொல்லையும் ஓ.டி.பி.யையும் வேறொருவரிடம் கொடுத்துவிட்டவர் தன் வழக்கைத் தானே பலவீனமாக்கிக்கொள்கிறார். பங்குச் சந்தைக்கு வெளியே கணக்கு எழுதும் டப்பா டிரேடிங்கில் இறங்கியவருக்கு முதலீட்டாளர் பாதுகாப்பு நிதியிலிருந்தும் ஒன்றும் கிடைக்காது.

போலிச் செயலி என்றால் கதையே வேறு. அங்கே சந்தையும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. திரையில் ஏறும் லாபம் வெறும் எண். செபியில் பதிவு பெற்ற நிறுவனங்களுக்குப் பணம் வாங்க, 2025 அக்டோபர் முதல் 'வேலிட்' என்ற சொல் இடம்பெறும் தனி யு.பி.ஐ. முகவரி தரப்படுகிறது. யாரோ ஒரு தனிநபரின் கணக்குக்கு அனுப்பச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் முதலில் கூப்பிட வேண்டியது 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாறிப் போவதற்குள் சொன்னால் வங்கிகளால் அதை முடக்கி வைக்க வாய்ப்பு உண்டு.