சூளைக்குப் போகாத சுண்ணாம்புக்கல்: 'எல்.சி.3' சிமென்ட் என்றால் என்ன?

அரியலூர் வட்டாரத்தில் சிமென்ட் ஆலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணமே பூமிக்கடியில் இருக்கும் சுண்ணாம்புக்கல்தான். உலகின் கார்பன் டை ஆக்சைடு உமிழ்வில் 7 முதல் 8 சதவீதம் சிமென்ட் தயாரிப்பிலிருந்து வருவதற்கும் அந்தக் கல்லே முக்கியக் காரணம். அதே கல்லைச் சுடாமல் பயன்படுத்தி உமிழ்வைக் குறைக்க வந்திருப்பதுதான் 'எல்.சி.3'.

நிலக்கரியை நிறுத்திட்டா போதாதா?

போதாது. சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சுமார் 1,450 டிகிரி செல்சியஸில் சுட்டால் கிளிங்கர் கிடைக்கும். அதோடு ஜிப்சம் சேர்த்து அரைப்பதுதான் சாதாரண சிமென்ட். சுடும்போது கல்லே வாயுவை வெளிவிடுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லில் 44 கிலோ கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் கலந்துவிடும். கிளிங்கர் தயாரிப்பின் உமிழ்வில் ஏறத்தாழ 60 சதவீதம் இப்படி வருவதுதான். சூளைக்கு எந்த எரிபொருள் போட்டாலும் இது குறையாது. கிளிங்கரின் அளவைத்தான் குறைக்க வேண்டும்.

அப்போ அதுக்குப் பதிலா என்ன போடுறாங்க?

அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பு ஆலைக் கசடும் ஏற்கெனவே சேர்க்கப்படுகின்றன. ஆனால் அந்த ஆலைகள் இயங்கினால்தான் இவை கிடைக்கும். களிமண்ணும் சுண்ணாம்புக்கல்லும் அப்படியல்ல, பல நாடுகளில் தாராளமாக இருக்கின்றன. எல்.சி.3-இன் வழக்கமான கலவை: கிளிங்கர் 50%, சுட்ட களிமண் 30%, சுடாத சுண்ணாம்புக்கல் தூள் 15%, ஜிப்சம் 5%.

களிமண்ணுக்கு 700 முதல் 850 டிகிரி வெப்பம் போதும். அதில் 40 சதவீதம் அளவுக்குக் கயோலினைட் கனிமம் இருந்தால் நல்லது. பீங்கான் செய்ய உதவாத மண்கூடப் பயன்படும். சுண்ணாம்புத் தூள் சும்மா இடத்தை நிரப்புவதில்லை. களிமண்ணின் அலுமினாவோடு வினைபுரிந்து கான்கிரீட்டை இறுக்குகிறது. உமிழ்வு 30 முதல் 40 சதவீதம் வரை குறைகிறது. சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் கேரன் ஸ்கிரிவனரின் குழுவோடு கியூபா ஆய்வாளர்களும், சென்னை, டெல்லி, மும்பை ஐ.ஐ.டி.க்களும் சேர்ந்து இதை உருவாக்கின.

தரம் எப்படி?

முதல் ஓரிரு நாள் வலிமை மெதுவாகத்தான் ஏறும். நல்ல களிமண்ணாக இருந்தால் ஒரு வாரத்தில் சாதாரண சிமென்ட்டை எட்டிவிடும். நுண்துளைகள் மிகச் சிறியவை என்பதால் உப்பு எளிதில் உள்ளே போய்க் கம்பியை அரிக்காது. கடலோரக் கட்டடங்களுக்கு இது பெரிய லாபம். குறைகளும் உண்டு. கலவை சீக்கிரம் இறுகுவதுபோல் இருக்கும். தண்ணீரைக் கூட்டாமல், அதற்கான ரசாயனத்தைச் சேர்க்க வேண்டும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு சற்று வேகமாக ஊடுருவும் என்பதால் தண்ணீர் விட்டு ஆற்றுவதில் அலட்சியம் கூடாது.

நம்ம வீட்டுக்கு எப்போ?

இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023-இல் ஐ.எஸ். 18189 என்ற தரக்குறியீட்டை வெளியிட்டுவிட்டது. டெல்லியில் உள்ள சுவிஸ் தூதரக வளாகத்தில் இந்த சிமென்ட் பயன்படுத்தப்பட்டிருக்கிறது. இனி ஆலைகள் களிமண் சுடும் சூளைகளை அமைக்க வேண்டும், ஏற்ற மண் பக்கத்திலேயே கிடைக்கவும் வேண்டும். பூச்சு வேலைக்கும் '53 கிரேடு குடுங்க' என்று கேட்கும் நம் பழக்கமும் மாற வேண்டும்.