பீட்ரூட் சாறு: செய்முறையும் உண்மைப் பயனும்

நீலகிரி மலையிலும், உடுமலைப்பேட்டை, ஒட்டன்சத்திரம் வட்டாரங்களிலும் பீட்ரூட் நன்கு சாகுபடியாகிறது. பயிரிடும் குடியானவர்கள் விளைவனைத்தையும் சந்தைக்கு அனுப்பிவிடாமல், ஒரு பங்கைத் தம் வீட்டு ஆகாரத்திலும் சேர்த்துக்கொள்வது உசிதம். சாறாகப் பருகுவது அதற்கு எளிய வழியாகும். ஆயினும் அதனால் விளையும் நன்மை எது, விளையாதது எது என்று அறிந்து பருகுதல் அவசியம்.

செய்முறை: முற்றி நார் பாய்ந்த கிழங்கு ஆகாது. இளங்கிழங்கு கால் கிலோ எடுத்து, மண் போகக் கழுவித் தோல் சீவி நறுக்குக. காய்ச்சி ஆறிய நீர் அரை டம்ளர் விட்டு அரைத்து, கொதிநீரில் அலசிய துணியில் பிழிக. சிறிது இஞ்சியும் எலுமிச்சம்பழச் சாறும் சேர்ப்பின் மண்வாடை அடங்கும். சர்க்கரை சேர்க்க வேண்டுவதில்லை. பிழிந்தவுடன் பருகுக, வெளியில் நெடுநேரம் வைத்த சாறு கெட்டுவிடும். சக்கையை அடை மாவில் கலந்து உபயோகிக்கலாம்.

பயன்: இக்கிழங்கிலுள்ள நைட்ரேட் என்னும் உப்பு, உடலில் மாறுதலடைந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. லண்டனில் ரத்தக் கொதிப்புள்ள 64 பேரைக் கொண்டு நடத்தி 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், நான்கு வாரம் தினம் கால் லிட்டர் சாறு பருகியவர்களுக்கு மேல் அழுத்தம் சுமார் 8 மில்லிமீட்டர் குறைந்தது. சாற்றை நிறுத்தியபின் அப்பயனும் நீங்கிற்று. ஆகவே இது மருந்துக்குத் துணையேயன்றி மருந்துக்குப் பதிலாகாது.

செந்நிறத்தைக் கண்டு, இச்சாறு ரத்தத்தை விருத்தி செய்யும் எனப் பலர் நம்புகின்றனர். 100 கிராம் கிழங்கில் இரும்புச் சத்து 1 மில்லிகிராமுக்கும் குறைவே. ஒரு பெண்ணுக்கோ தினம் 29 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் வருஷக் கணக்கு. கிழங்கைவிட அதன் இலையில் இரும்பு மிகுதி. எனவே எறிந்துவிடும் இலையைக் கீரையாகச் சமைத்து உண்க. ரத்த சோகையுள்ள கர்ப்பிணிகள் சாற்றை நம்பி இரும்புச் சத்து மாத்திரைகளை நிறுத்துவது தாய்க்கும் சிசுவுக்கும் பெருங்கேடாகும்.

எச்சரிக்கை: சிறுநீரகக் கல் உள்ளவர்களும், நீரிழிவுக்காரர்களும் வைத்தியரைக் கேட்டே பருகவேண்டும். ஆறு மாதம் நிரம்பாத குழந்தைக்குக் கொடுத்தலாகாது. பருகியபின் சிறுநீர் சிவந்து காணப்படின் அஞ்ச வேண்டுவதில்லை.

கிராம அதிகாரிகள், மாத்திரைகள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைப்பதையும், அவற்றின் ஸ்தானத்தைச் சாறு வகிக்காது என்பதையும் ஜனங்களுக்கு எடுத்துரைப்பார்களாக.