ராத்திரியில் சுடும் சுவர்

கோடை விடுமுறையில் பாட்டி ஊருக்குப் போய்விட்டுச் சென்னை திரும்பும் பிள்ளைகள் ஒரு விஷயத்தைத் தவறாமல் சொல்வார்கள். "அங்கே வாசலில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்தோம். விடியற்காலையில் குளிருகிறது என்று பாட்டியின் புடவையை இழுத்துப் போர்த்திக்கொண்டோம். இங்கே ஃபேன் ஓடியும் முதுகெல்லாம் வேர்வை!"

ஊரில் மரம் இருக்கிறது, காற்று சுத்தம் என்று பெரியவர்கள் காரணம் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான். மீதிப் பாதி உங்கள் வீட்டுச் சுவரிலேயே இருக்கிறது.

இன்று இரவு எட்டு மணிக்கு, மேற்குப் பார்த்த சுவரின் உட்புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். சென்னையில் நான் குடியிருப்பது மூன்றாவது மாடியில். முன்பெல்லாம் என் கட்டில் மேற்குச் சுவரை ஒட்டிக் கிடந்தது. மே மாதத்தில் இரவு பத்து மணிக்கு அந்தச் சுவரைத் தொட்டால், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டதுபோல் இருக்கும். சூரியன் மறைந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும், சுவருக்கு மட்டும் வெயில் விட்டிருக்காது.

செங்கல்லும் கான்கிரீட்டும் உண்டியல் மாதிரி. பகல் முழுக்க வெயிலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கும். சேர்க்கவும் நேரமாகும், செலவழிக்கவும் நேரமாகும். நீங்கள் தூங்கப் போகும் நேரத்தில்தான் அது தன் சேமிப்பை அறைக்குள் கொட்ட ஆரம்பிக்கும். பாட்டி வீட்டுக் கூரையில் வேய்ந்த பனையோலையும் தென்னங்கீற்றும் இப்படிச் சேர்த்து வைக்காது. அவை எடையே இல்லாதவை, அடுக்குகளுக்கு நடுவே காற்று வேறு அடைபட்டிருக்கிறது. வெயில் இறங்கினால் கூரையும் சீக்கிரம் ஆறிவிடும்.

இந்த வித்தியாசத்தை முதன்முதலில் அளந்து எழுதியவர்களில் முக்கியமானவர் லூக் ஹோவர்ட். லண்டன்காரர். மருந்து தயாரிப்பது அவருக்குத் தொழில், வானத்தைப் பார்ப்பது ஆசை. மேகங்களுக்குச் சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ரேட்டஸ் என்று பெயர் வைத்தவரும் இவரே. லண்டனுக்கு வெளியே, கிராமப்புறத்தில் இருந்த தன் வீட்டில் தினமும் வெப்பநிலையைக் குறித்துவைத்தார். நகருக்குள் ராயல் சொசைட்டி குறித்த எண்களை எடுத்து, இரண்டையும் வருடக்கணக்கில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டார். லண்டனின் தட்பவெப்பம் பற்றி அவர் எழுதிய நூல் 1818-இலும் 1820-இலும் இரண்டு தொகுதிகளாக வந்தது. நகரத்தின் இரவு, கிராமத்தின் இரவைவிடச் சராசரியாக 3.7 டிகிரி ஃபாரன்ஹீட் வெப்பமாக இருந்தது. நம் கணக்கில் ஏறத்தாழ 2 டிகிரி செல்சியஸ்.

எனக்கு இதைவிடப் பிடித்தது அவருடைய இன்னொரு கணக்கு. பகலில் நகரம் கிராமத்தைவிட 0.34 டிகிரி ஃபாரன்ஹீட் குளிர்ச்சியாக இருந்ததாம்! அச்சுப் பிழை இல்லை. உண்டியல் நிரம்ப நேரமாகிறது, உயரமான கட்டடங்கள் தெருவில் நிழலும் போடுகின்றன. எல்லா நகரத்திலும் எல்லா நாளும் இப்படி இருக்காது. ஆனாலும் ஊர் எந்நேரமும் குளுகுளு, நகரம் எந்நேரமும் அனல் என்று நினைப்பது தப்பு. சித்திரை மாத மதியத்தில் வயல் வரப்பில் செருப்பில்லாமல் நடந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லவே மாட்டார்கள். அதனால்தான் ஊரில் களை எடுக்கப் போகிறவர்கள் விடிந்தும் விடியாமலும் வயலில் இறங்கி, வெயில் ஏறுவதற்குள் கரையேறப் பார்க்கிறார்கள். ஆடு மேய்ப்பவரும் உச்சி வேளையில் ஆடுகளைப் புளியமரத்தடியில் மடக்கிவிடுவார். வெயிலைப் பார்த்து வேலையை நகர்த்திக்கொள்வது அங்கே பழக்கம். நகரத்தில் பள்ளி மணியும் ஆபீஸ் கடிகாரமும் வெயிலைக் கேட்டுக்கொண்டு அடிப்பதில்லை.

சரி, ராத்திரியில் ஊரின் வெப்பம் எங்கே போகிறது? மேலே, வானத்துக்கு. சூடான எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிர்களாக வெப்பத்தை வெளியே விட்டுக்கொண்டே இருக்கும். அது கண்ணுக்குத் தெரியாது. தெரிய வேண்டுமானால் மார்கழி விடியலில் இரண்டு சைக்கிள்களைப் பாருங்கள். வெட்டவெளியில் நின்ற சைக்கிளின் சீட்டு பனியில் நனைந்திருக்கும். மரத்தடியில் நின்றதன் சீட்டு பெரும்பாலும் காய்ந்தே இருக்கும். முதல் சைக்கிள் இரவெல்லாம் தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுவிட்டுச் சில்லிட்டுப் போனது, அதனால் காற்றிலிருந்த ஈரம் அதன்மேல் நீராகப் படிந்தது. இரண்டாவதுக்கு மேலே இலைகள் இருந்தன. அவை தங்கள் வெப்பத்தைக் கீழே அனுப்பியதால் சீட்டு அவ்வளவு ஆறவில்லை.

இப்போது ஒரு குறுகலான நகரத் தெருவை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் நான்கு மாடி. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் ரிப்பன் அளவுக்குத்தான் வானம். இந்தச் சுவர் விடும் வெப்பத்தில் பெரும்பங்கு எதிர்ச் சுவரில் போய் விழுகிறது. எதிர்ச் சுவர் விடுவது இங்கே வருகிறது. வெளியேற வழியில்லாமல் வெப்பம் தெருவுக்குள்ளேயே பந்து விளையாடுகிறது.

தண்ணீர் சேதியும் இருக்கிறது. சாயங்காலம் பாட்டி வாசல் தெளிக்கும்போது குப்பென்று மண்வாசனை எழும், கொஞ்ச நேரத்தில் தரை குளிர்ந்துவிடும். தெளித்த நீர் ஆவியாகப் போகும்போது தரையின் வெப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு போகிறது. எவ்வளவு தெரியுமா? குடத்திலிருந்து ஒரு லிட்டர் நீரை எடுத்து அடுப்பில் கொதிநிலைக்குக் கொண்டுவர எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அதைப்போல் ஏறத்தாழ 8 மடங்கு வெப்பத்தை ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்கிறது. பாட்டி தெளிப்பது ஒரு வாளி. ஏரியும் நெல்வயலும் வேப்பமரத்து இலைகளும் நாள் முழுக்க எத்தனை வாளி தெளிக்கும் என்று யோசியுங்கள்.

சென்னை மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்று ஒரு சாலை இருக்கிறது. ஏரியைப் பார்த்த சாலை என்று பொருள். அங்கே நின்று எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி தெரியாது. அங்கிருந்த நீளமான ஏரியைத் தூர்த்துத்தான் 1920களிலிருந்து தியாகராய நகரை எழுப்பினார்கள். ஆவியாகி வெப்பத்தைத் தூக்கிப்போக வேண்டிய நீர் இருந்த இடத்தில் இப்போது தார் ரோடும் கடைகளும். அந்தச் சாலையின் பெயர்ப்பலகையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகும்.

வெக்கை தாங்காமல் ஏசி வாங்குகிறோம். ஏசி குளிரைத் தயாரிப்பதில்லை, அறைக்குள் இருக்கும் வெப்பத்தை அள்ளி வெளியே கொட்டுகிறது. ஒன்றரை டன் ஏசி முழுமூச்சில் ஓடும்போது அறையிலிருந்து ஏறத்தாழ 5 கிலோவாட் வெப்பத்தை எடுக்கிறது. அதற்காகச் செலவாகும் ஒன்றரை கிலோவாட் மின்சாரமும் கடைசியில் வெப்பமாகத்தான் மாறுகிறது. வெளியே தொங்கும் பெட்டியிலிருந்து, 1000 வாட் இஸ்திரிப் பெட்டிகள் ஆறேழை ஒன்றாகச் சூடாக்கி வைத்த அளவுக்கு அனல் அடிக்கிறது. ஏசி வாங்க முடியாத பக்கத்து வீட்டின் ஜன்னலுக்கும் சேர்த்துத்தான் அது அடிக்கிறது. இந்தக் கட்டுரையில் எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான்.

ஊரிலும் இப்போது கூரையைப் பிரித்துத் தளம் போட்ட வீடு கட்டுகிறார்கள். அதை நான் குறை சொல்ல மாட்டேன். கீற்றுக் கூரை மழையில் ஒழுகும், அடுப்புப் பொறி பட்டால் எரிந்துபோகும். வருடாவருடம் கூரை வேயும் செலவும் சின்னதில்லை. அந்த வீட்டின் சுவரும் என் சுவரைப் போலவே ராத்திரியில் சுடும். ஆனால் கட்டிலை வாசலுக்கு இழுத்துப் போட்டுக்கொள்ள அங்கே இன்னும் வாசல் இருக்கிறது, வாசலுக்கு மேலே முழு வானம் இருக்கிறது. நகரத்தில் அந்த முழு வானம் மொட்டைமாடியில்தான் கிடைக்கும். மொட்டைமாடிக்குச் சுண்ணாம்பு அடித்து வெள்ளையாக வைத்தால் வெயிலில் பெரும்பங்கு திரும்பிப் போய்விடும், உண்டியல் அவ்வளவாக நிரம்பாது.

லூக் ஹோவர்ட் செய்ததை நீங்களும் செய்யலாம். ஊரில் இருக்கும் பெரியப்பா மகனையோ மாமா மகளையோ கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆளுக்கொரு அறை வெப்பமானி வேண்டும். காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் இதற்கு ஆகாது, உடம்புச் சூட்டுக்கு ஏற்ற எண்கள்தான் அதில் உண்டு. வெயில் நேராகப் படாத, சுவரை ஒட்டாத ஓர் இடத்தில் வெளியே தொங்கவிடுங்கள். பகல் 2 மணி, இரவு 9 மணி, விடியல் 5 மணி என்று மூன்று வேளையும், இரண்டு பேரும் ஒரே நேரத்தில், பத்து நாள் குறித்துக்கொள்ளுங்கள். 5 மணிக்கு எழுந்திருப்பதுதான் சிரமம். பாட்டி ஊரில் அதற்குச் சேவல் இருக்கிறது.

பத்தாம் நாள் போனில் எண்களைச் சொல்லிக்கொள்வதற்கு முன்னால், பகல் 2 மணிக்கு யாருடைய இடம் அதிகம் சுட்டிருக்கும் என்று இருவரும் ஆளுக்கொரு துண்டுச்சீட்டில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். அப்புறம் நோட்டைப் பிரிக்கலாம்.